காகிதத்தில் திறந்த கடை

1957 அக்டோபர் 24 அன்று இத்தாலியின் மொந்தெகாத்தீனி ஊரில் கிறிஸ்தியன் தியோர் மாரடைப்பில் இறந்தார். வயது 52. பத்தாண்டுகளுக்கு முன், 1947 பிப்ரவரி 12 அன்று காட்டிய முதல் தொகுப்பாலேயே, போரில் நொடிந்து கிடந்த பாரிஸ் தையல் தொழிலை நிமிர்த்தி உட்கார வைத்தவர் அவர். பிரான்ஸ் வெளிநாடுகளுக்கு விற்ற உயர்தர உடைகளில் ஏறக்குறைய பாதி அவருடைய நிறுவனத்திலிருந்தே போனதாகக் கணக்கிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே வேலை. முதல் போட்டவர் பருத்தி ஆலை அதிபர் மார்செல் புசாக். அடுத்த தொகுப்பைக் காட்ட மூன்றே மாதம் இருந்தது. நவம்பர் 15 அன்று புதிய தலைமை வடிவமைப்பாளரை அறிவித்தார்கள். ஒல்லியான உடம்பு, தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி, யாரையும் நேராகப் பார்க்கக் கூசும் கண்கள், வயது 21. பெயர் ஈவ் மத்தியூ சான் லொரான்.

பாரிஸ் பத்திரிகைகள் அவரை அதிசயப் பிள்ளை என்று எழுதின. எழுத வசதியான சொல்தான். ஆனால் அந்தச் சொல் அவருக்குச் செய்த அநியாயமும் கொஞ்சமில்லை. பாரிசுக்கு அவர் புதியவர். தொழிலுக்குப் புதியவர் அல்லர். மத்தியதரைக் கடலின் மறுகரையில், தன் படுக்கையறையில், ஒரு முழு ஆடை நிறுவனத்தை அவர் அதற்குள் நடத்தி முடித்திருந்தார். மாடல்கள் இருந்தார்கள், பருவத்துக்குப் பருவம் தொகுப்புகள் இருந்தன, அச்சடித்தது போன்ற நிகழ்ச்சி நிரல்கூட இருந்தது. எல்லாம் காகிதத்தில்.

1936 ஆகஸ்ட் 1 அன்று அல்ஜீரியாவின் துறைமுக நகரமான ஓரானில் ஈவ் பிறந்தான். அல்ஜீரியா அப்போது பிரான்சின் பிடியில் இருந்தது. ஓரானில் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானிய வழி வந்தவர்களும் பெருந்தொகையாக இருந்தார்கள். மண்ணின் மக்களான முஸ்லிம்கள் பெரும்பாலும் வேறு தெருக்களில், வேறு வாழ்க்கையில் இருந்தார்கள். அல்பேர் காம்யு 1947இல் வெளியிட்ட ‘கொள்ளைநோய்’ நாவல் நடப்பது இதே ஊரில்தான். ஈவின் முன்னோர்கள், 1870 போரில் ஜெர்மனி அல்சாஸ் பகுதியை எடுத்துக்கொண்டபின் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். அப்பா ஷார்ல் காப்பீட்டுத் தொழில் செய்தார், திரையரங்குகளும் வைத்திருந்தார். ஸ்தோரா தெருவில் பெரிய வீடு. கோடையில் கடற்கரை வீடு. பிற்காலத்தில் அவர் ஏக்கத்தோடு நினைத்துப் பேசிய ஓரான் இந்த வீட்டின் ஓரான்தான். ஜன்னலுக்கு வெளியே இருந்த இன்னொரு ஓரானைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

அந்த வீட்டின் நடுநாயகம் அம்மா லூசியென். அழகி, ஆடல் பாட்டென்றால் உயிர், பாரிசிலிருந்து வரும் பத்திரிகைகளைப் பார்த்து உடுத்துபவர். ஒருநாள் இரவு நடன விருந்துக்குக் கிளம்பிய அம்மா, தூங்கப்போன மகனுக்கு முத்தம் கொடுக்க அறைக்குள் வந்தார். தரையைத் தொடும் வெள்ளை வலைத்துணி உடை, அதில் பேரிக்காய் வடிவில் வெள்ளைச் சமிக்கிகள். பல பத்தாண்டுகள் கழித்து, நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 1983இல் அவர் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தபோது, ஈவ் அந்த உடையை நினைவுகூர்ந்தார். துணி என்ன, சமிக்கி எந்த வடிவம் என்று சொன்னாரே தவிர, அம்மா அழகாக இருந்தார் என்று பொதுவாகச் சொல்லி நகரவில்லை. சிறுவயது நினைவு இவ்வளவு துல்லியமாக இருக்கிறதென்றால், அந்தப் பிள்ளை அப்போதே பார்ப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடம் வேறு உலகம். கத்தோலிக்கப் பாதிரிகள் நடத்திய ஆண்கள் பள்ளி. மென்மையான, பந்து விளையாட வராத, மற்ற பையன்களிலிருந்து வேறுபட்ட அந்தப் பிள்ளையை உடன் படித்தவர்கள் அடித்தார்கள், கேலி செய்தார்கள். இடைவேளை மணி அடித்தால் ஒளிந்துகொள்வான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வாசற்படி ஏறியதும் ஆளே மாறிவிடுவான் என்பதைத் தங்கைகள் மிஷேலும் பிரிஜித்தும் அறிவார்கள். அங்கே அவன் கட்டளையிடுபவன், நாடகம் போடுபவன், யார் எங்கே நிற்க வேண்டும், எந்தத் துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிப்பவன். ஒரு பிறந்தநாளன்று, கேக்கின் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தபடியே, ஒருநாள் தன் பெயர் பாரிஸின் ஷாம்ப்ஸ் எலிசே சாலையில் நெருப்பு எழுத்தில் மின்னும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டானாம்.

1950 மே மாதம். நடிகர் லூயி ஜூவே தன் குழுவோடு ஓரானுக்கு வந்து மொலியேரின் ‘மனைவியர் பள்ளி’ நாடகத்தை நகராட்சி அரங்கில் நடத்தினார். ஈவுக்கு 13 வயது. நடிப்பைவிட அவனை ஆட்கொண்டது மேடை. வரைந்தவர் கிறிஸ்தியன் பெரார். தெருவாகத் தெரிந்த இடத்தின் மதில்கள் கதவு போலத் திறந்தன. உள்ளே ஒரு தோட்டம். தலைக்குமேல், வானம் இருக்க வேண்டிய இடத்தில் சரவிளக்குகள் தொங்கின. ஓவியர், மேடை வடிவமைப்பாளர், உடை வரைபவர் என்று எல்லாமாக இருந்த பெரார் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் கிறிஸ்தியன் தியோரின் நெருங்கிய நண்பர். இந்தத் தொடர்பு அந்தச் சிறுவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெட்டியை எடுத்து மேடையாக்கினான். அட்டையில் ஆட்களை வெட்டினான், துண்டுத் துணிகளில் உடை போட்டான், விளக்கு அமைத்தான். மொலியேர் 1643இல் தொடங்கிய முதல் நாடகக் குழுவின் பெயரையே தன் பெட்டிக்கும் வைத்தான். பார்வையாளர்கள் தங்கைகளும் உறவுக்காரப் பிள்ளைகளும். அடுத்த ஆண்டு ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலின் பகுதிகளைத் தன் கையால் எழுதி, படமும் போட்டான். உடைக்காகவே தன்னைக் கடனில் மூழ்கடித்துக்கொண்ட ஒரு பெண்ணின் கதையை 15 வயதுப் பையன் தேடி எடுத்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

1953 வாக்கில் தொடங்கியதுதான் அந்தக் காகித நிறுவனம். அம்மாவின் பழைய பத்திரிகைகளிலிருந்து அன்றைய புகழ்பெற்ற மாடல்களான பெத்தினா, சூசி பார்க்கர் போன்றவர்களின் உருவங்களைக் கத்தரித்து, தடித்த தாளில் ஒட்டி, பதினொரு பொம்மைகள் செய்தான். பிறகு அவர்களுக்கு உடை. நீர்வண்ணத்தில் வரைந்து, வெட்டி, தோளில் மாட்டிக்கொள்ளச் சிறு காகிதக் கொக்கிகள் விட்டு, ஒன்றல்ல இரண்டல்ல, உடையும் தொப்பியும் கையுறையும் பையுமாக ஐநூறுக்கும் மேல். இன்று அவை பாரிஸில் 2017இல் திறக்கப்பட்ட ஈவ் சான் லொரான் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கின்றன. அவன் அந்த நிறுவனத்துக்குத் தன் பெயரையே வைத்து, முகவரியாகப் பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தையும் போட்டுவிட்டான். 1953-54 குளிர்காலத்துக்கு ஒன்று, அடுத்த குளிர்காலத்துக்கு ஒன்று என்று தொகுப்புகளுக்குத் தனித்தனி நிகழ்ச்சி நிரலும் எழுதினான்.

இதை விளையாட்டு என்று கடந்துபோக முடியாது. நல்ல உடை ஒன்றை வரைந்துவிட யாராலும் முடியும். தொகுப்பு என்பது அதுவல்ல. காலையில் போடும் கோட்டும் பாவாடையும், பகல் உடை, மாலை விருந்து உடை, இரவு நடன உடை என்று ஒரு பெண்ணின் நாள் முழுவதையும் ஒரே எண்ணத்தில் கோர்ப்பது அது. எது முதலில் வர வேண்டும், எதற்குப் பின் எது வந்தால் கண் சலிக்காது, இந்த உடையை அந்த உயரமான பெண் போட்டால் எடுக்குமா, குள்ளமானவள் போட்டால் எடுக்குமா என்ற கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்க, தொழிலில் நுழைந்தவர்களுக்கே ஆண்டுகள் ஆகும். அந்தப் பையனுக்குத் துணி வாங்கக் காசு வேண்டியிருக்கவில்லை, வேலையாட்கள் வேண்டியிருக்கவில்லை. தவறினால் இன்னொரு தாள். 18 வயதுக்குள் அவன் தவறித் தவறித் திருத்திய அளவுக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் நிஜத் துணி வைத்திருந்த பாரிஸ் மாணவர்கள் திருத்தியிருக்க வாய்ப்பில்லை. இடையில், அவன் வரைந்ததை வைத்து ஊர்த் தையற்காரி அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் நிஜ உடைகளும் தைத்துக் கொடுத்தார்.

1953இல் சர்வதேசக் கம்பளிச் செயலகம் பாரிஸில் நடத்திய வடிவமைப்புப் போட்டிக்கு ஈவ் ஓரானிலிருந்து வரைபடங்களை அனுப்பினான். மூன்றாம் பரிசு. அம்மாவோடு பாரிசுக்குப் போய் வாங்கினான். அந்தப் பயணத்தில்தான் பிரெஞ்சு ‘வோக்’ இதழின் ஆசிரியர் மிஷேல் த ப்ருன்ஹோஃபைச் சந்தித்தான். குழந்தைகளுக்குப் பிடித்த பாபர் யானைக் கதைகளைப் படைத்த ழான் த ப்ருன்ஹோஃபின் சகோதரர் இவர். வரைபடங்களைப் பார்த்த பெரியவர், முதலில் பள்ளிப் படிப்பை முடி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். திறமையைக் கண்டதும் தூக்கி வைத்துக் கொண்டாடாமல் ஓராண்டு பொறுக்கச் சொன்ன அந்த நிதானத்துக்கு பிரெஞ்சு ஆடைக்கலை நன்றி சொல்ல வேண்டும்.

மறு ஆண்டு படிப்பை முடித்து, பாரிஸ் ஆடைக்கலைச் சங்கத்தின் பள்ளியில் சேர்ந்தான். சில மாதங்களிலேயே அலுத்துப்போனது. பள்ளி கற்றுத்தந்த வெட்டும் தையலும் வேண்டியவைதான். ஆனால் அவன் மனம் அதைத் தாண்டிப் போயிருந்தது. 1954 நவம்பரில் அதே கம்பளிச் செயலகப் போட்டி. பெயர் குறிப்பிடாமல் வந்து குவிந்த ஆறாயிரம் வரைபடங்களில், உடைப் பிரிவின் முதல் பரிசு அவனுக்கு. ஒரு தோள் திறந்த கறுப்பு க்ரேப் விருந்து உடை அது. வடிவமைப்பாளர் ஜிவான்ஷியின் தையற்கூடத்தில் தைத்தார்கள். கோட்டுப் பிரிவில் வென்றவர், ஹாம்பர்கிலிருந்து வந்த 21 வயது கார்ல் லாகர்ஃபெல்ட். அடுத்த அரை நூற்றாண்டுப் பாரிஸ் ஆடைக்கலையின் இரண்டு பெரும் பெயர்கள் ஒரே பரிசளிப்பில் ஒரே புகைப்படத்தில் நிற்கின்றன. நண்பர்களாகத் தொடங்கி, பின்னாளில் முகம் பாராமல் பிரிந்தவர்கள்.

சில மாதம் கழித்து ஈவ் புதிய வரைபடக் கட்டோடு ப்ருன்ஹோஃபிடம் போனபோது அவர் திகைத்துவிட்டார். தியோர் இன்னும் வெளியே காட்டாத வரைபடங்களுக்கு மிக நெருக்கமானவற்றை அந்தப் பையன் தானாகவே எட்டியிருந்தான். உடனே தியோரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். 1955 ஜூன் 20 அன்று, 18 வயதில், தியோர் நிறுவனம் இருந்த மொந்தேன் அவென்யூ 30ஆம் எண் கட்டடத்துக்குள் ஈவ் உதவியாளராக நுழைந்தார்.

அந்தக் கட்டடத்தின் நடைமுறையைச் சொன்னால்தான் அவர் அங்கே என்ன கற்றார் என்பது புரியும். ஓத் கூத்யூர் (உயர்தர ஆடைக்கலை) என்ற பெயரை பிரான்சில் நினைத்தவர் நினைத்தபடி போட்டுக்கொள்ள முடியாது. 1945 முதல் அது சட்டம் காக்கும் பெயர். சொந்தத் தையற்கூடம் வேண்டும், வாடிக்கையாளரின் அளவுக்கே தைக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு தொகுப்பு காட்ட வேண்டும். வடிவமைப்பாளர் வரைவார். தையற்கூடத் தலைவி அந்த வரைபடத்தை எடுத்துப்போய், முதலில் காடாத்துணியில் மாதிரி வெட்டி, மாடலின் உடம்பில் ஊசி குத்திக் கொண்டுவந்து நிறுத்துவார். கோட்டு, சூட்டு தைப்பவர்கள் ஒரு கூடம். வழுக்கும் பட்டும் மெல்லிய துணிகளும் தைப்பவர்கள் இன்னொரு கூடம். வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரிவது தோளில் எங்கே உட்காரும், துணியின் இழை எந்தப் பக்கம் ஓடினால் மடிப்பு விழும் என்பதையெல்லாம் அங்கேதான் ஈவ் கண்ணால் கண்டார். தியோர் அதிகம் பேசாதவர். ஈவும் அப்படியே. இருவரும் ஒரே அறையில் அமர்ந்து வேலை பார்த்தார்கள்.

சேர்ந்த இரண்டே மாதத்தில் அவருடைய உடை ஒன்று வரலாற்றில் ஏறிவிட்டது. அப்போது யாருக்கும் அது தெரியாது. 1955 ஆகஸ்டில் ரிச்சர்ட் அவடான் பாரிஸின் குளிர்கால சர்க்கஸ் அரங்கில் யானைகளுக்கு நடுவே மாடல் டோவிமாவை நிறுத்தி எடுத்த புகைப்படத்தைப் பார்க்காத ஆடைக்கலை மாணவர் இருக்க மாட்டார். உடம்போடு ஒட்டிய கறுப்பு வெல்வெட், இடுப்பில் தொங்கும் அகன்ற வெள்ளைப் பட்டுப் பட்டை. தியோர் நிறுவனத்துக்காக ஈவ் வரைந்த முதல் உடை அது. யானைகளின் சுருக்கம் விழுந்த தோலுக்கும் அந்த வெல்வெட்டின் வழவழப்புக்கும் உள்ள முரணே படத்தின் உயிர். அந்த உடையில் கூடுதலாக ஒரு பொத்தான் இருந்திருந்தாலும் படம் கெட்டிருக்கும்.

அப்படித்தான் 1957இன் இலையுதிர் காலத்தில், குரு மறைந்த மூன்று வாரத்தில், பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஓரானுக்குப் போய் அறைக்குள் அமர்ந்து சில வாரங்களில் நூற்றுக்கணக்கான வரைபடங்களோடு திரும்பினார். தியோரின் பழைய தளபதிகளான ரெய்மோந் ஸெனாக்கரும் மார்கெரித் காரேயும் துணை நின்றார்கள். 1958 ஜனவரி 30. தோளில் ஒடுங்கி, இடுப்பைத் தொடாமலே கீழ்நோக்கி விரியும் ‘ட்ரபேஸ்’ வடிவம் நடந்து வந்தது. பத்தாண்டாக தியோர் பெண்களின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். சீடர் கையை எடுத்துவிட்டார். ஆனால் வெளியே காற்றாகத் தெரிந்த அந்த உடைகளுக்குள்ளே பழைய கட்டமைப்பு அப்படியே இருந்தது. ‘வெள்ளை யானை’ என்று பெயரிட்ட இரவு உடையின் மெல்லிய வலைத்துணிக்கு அடியில், உடலோடு இறுகிய உட்கட்டு ஒன்று முழுப் பாரத்தையும் தாங்குகிறது. சுதந்திரம் போலத் தெரிவதைச் சுமக்க எவ்வளவு வேலைப்பாடு வேண்டும் என்பதை 21 வயதில் அறிந்திருந்தார்.

கூட்டம் அழுதது. அவரை மாடி முகப்புக்கு அழைத்து வந்து கீழே திரண்டிருந்தவர்களுக்குக் காட்டினார்கள். பிரான்சைக் காப்பாற்றிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்த இரண்டாண்டுகளில் புகழும் வந்தது, முணுமுணுப்பும் வந்தது. 1959 டிசம்பரில் ஈரான் மன்னரை மணந்த ஃபாரா திபாவின் திருமண உடை அவர் வரைந்தது. பாவாடை நீளத்தை அவர் ஏற்றி இறக்கியதற்கெல்லாம் அமெரிக்கக் கடைக்காரர்கள் பதறினார்கள். ஆனால் உண்மையான மோதல் 1960 ஜூலையில். சேன் நதியின் இடது கரைக் காப்பிக்கடைகளில் கறுப்பு உடுத்து, ஜாஸ் கேட்டு, புத்தகமும் சிகரெட்டுமாகக் கிடந்த இளைஞர்களை ஈவ் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை எடுத்து, முதலைத்தோலில் வெட்டி, மிங்க் ரோமத்தை ஓரமாக வைத்துத் தைத்து, தியோரின் பொன்முலாம் நாற்காலிகளுக்கு முன்னால் நடக்கவிட்டார். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். தன் மகன் தெருவில் போட்டுத் திரிவதைத் தான் ஏன் இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ட்ரபேஸைவிட இந்தத் தொகுப்பே ஈவ் சான் லொரானின் உண்மையான தொடக்கம். ட்ரபேஸ் தியோருக்குச் சொன்ன பதில். தோல் ஜாக்கெட்டோ வெளியே தெருவைப் பார்த்துத் திறந்த ஜன்னல். மேல்தட்டின் உடை கீழிருந்துதான் புதிதாகும் என்பதைப் பாரிஸில் முதலில் கண்டவர்களில் அவர் ஒருவர்.

செப்டம்பரில் ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. அல்ஜீரிய விடுதலைப் போர் ஆறாவது ஆண்டில் இருந்தது. பிரெஞ்சு இளைஞர்களைப் படையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தான் பிறந்த மண்ணில் நடக்கும் போருக்கான சீருடை அவருக்கு. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மனம் உடைந்த நிலையில் பாரிஸின் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். வலுவான மயக்க மருந்துகள், மின் அதிர்ச்சி சிகிச்சை. பின்னாளில் தன்னை வாட்டிய மருந்துப் பழக்கத்துக்கும் மனத்தளர்ச்சிக்கும் வேர் அங்கேதான் என்று அவர் சொன்னார். அவர் கட்டிலில் கிடந்தபோதே தியோர் நிறுவனம் அந்த இடத்தில் மார்க் போஆனை அமர்த்திவிட்டது. செய்தியைச் சொன்னவர் பியேர் பெர்ஜே. 1958இல் ஒரு விருந்தில் சந்தித்து, வாழ்க்கைத் துணையாகவும் ஆகிவிட்டவர். அப்படியானால் நாமே ஒரு நிறுவனம் தொடங்குவோம், நீங்கள் நடத்துங்கள் என்று நோயாளி பதில் சொன்னார்.

பணம்? தியோர் நிறுவனத்தின்மீது ஒப்பந்தத்தை முறித்ததற்காக வழக்குப் போட்டு வென்றார்கள். பெர்ஜே தன் வீட்டை விற்றார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத் தொழிலதிபர் ஜே. மேக் ராபின்சன் மூலதனம் போட்டார். லா போயெசி தெருவில் இரண்டு அறைகளில் வேலை தொடங்கியது. தியோரின் தையற்கூடத்திலிருந்து நம்பிக்கையான கைகள் பலவும் கூடவே வந்துவிட்டன. அவர் பெயரின் மூன்று முதலெழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய சின்னத்தை விளம்பரச் சித்திரக்காரர் கசாந்தர் 1961இல் வரைந்தார். புதிய நிறுவனத்தின் முதல் உடையின் உள்ளே 00001 என்று எண் தைத்த பட்டை இருக்கிறது.

1962 ஜனவரி 29 அன்று ஸ்போந்தினி தெருவில் முதல் தொகுப்பு. முன்னால் நடந்து வந்தது கப்பல் மாலுமிகளின் கனத்த நீலக் கோட்டு. தங்கப் பொத்தான்கள், கீழே வெள்ளைக் கால்சட்டை. துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மாலுமிகளின் உடையைப் புத்தகத்தில் தேட வேண்டியிருந்திருக்காது. அன்று அவருக்கு வயது 25. அதே ஆண்டு ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. இலட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் போல அவர் பெற்றோரும் வீட்டைப் பூட்டிவிட்டு பிரான்சுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்தோரா தெரு வீடு அதன்பின் நினைவில் மட்டும்தான்.

அம்மா இப்போது பாரிஸில். கிறிஸ்துமசுக்கு மகனுக்கு ஒரு புத்தகம் பரிசளித்தார். டச்சு ஓவியர் மோந்த்ரியானைப் பற்றியது. கறுப்புக் கோடுகள், சிவப்பு, நீலம், மஞ்சள், மிச்சமெல்லாம் வெள்ளை. 1965இன் குளிர்காலத் தொகுப்பில் அது உடையாயிற்று. அந்த உடையைப் பிரதி எடுத்துச் சட்டையிலும் பையிலும் அச்சடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அசலில் எதுவும் அச்சு இல்லை. ஒவ்வொரு நிறக்கட்டமும் தனித்தனியாக வெட்டிய கம்பளி ஜெர்சி. தட்டையான ஓவியத்தை வளைவுள்ள உடம்பில் உட்கார வைக்கத் தேவையான சுருக்குத் தையல்கள் எல்லாம் கறுப்புப் பட்டைகளின் இணைப்புகளுக்குள் மறைந்திருக்கின்றன. நேராகத் தொங்குவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. தையலோ உடம்பின் வளைவோடு போகிறது. பெண் நடக்கும்போது ஓவியம் கோணுவதில்லை. ‘வெள்ளை யானை’க்குள் ஒளித்த அதே வித்தைதான், ஏழாண்டு முதிர்ச்சியோடு.

மறு ஆண்டு, 1966, நெரிசலான ஆண்டு. ஆண்களின் இரவு விருந்துக் கோட்டைப் பெண்ணுக்கு வெட்டி ‘ஸ்மோக்கிங்’ என்று காட்டினார். கூத்யூர் வாடிக்கையாளர்கள் அதைச் சீந்தவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் தூர்னோன் தெருவில் ‘ரீவ் கோஷ்’ என்ற ஆயத்த ஆடைக் கடையைத் திறந்தார். கூத்யூர் வடிவமைப்பாளர் தன் பெயரிலேயே, ஆயத்த ஆடைக்கென்றே தனியாக வரைந்து கடை வைப்பது பாரிசுக்குப் புதிது. அங்கே இளம்பெண்கள் ஸ்மோக்கிங்கை வாங்கிப் போனார்கள். அளவெடுத்துத் தைத்தவர்களின் கைவேலை அவருக்கு உயிர். ஆனால் அதை வாங்க முடிந்த சில நூறு பெண்கள் மட்டும்தான் உலகத்தின் பெண்கள் என்று அவர் நினைக்கவில்லை.

அதே ஆண்டில்தான் பெர்ஜேயோடு மொராக்கோவின் மராக்கேஷ் நகருக்கு முதல்முறை போனார். வட ஆப்பிரிக்க வெயில் மீண்டும் முகத்தில் பட்டது. மறு ஆண்டே பழைய நகரின் சந்துக்குள் ஒரு வீடு வாங்கிவிட்டார்கள். அதுவரை தனக்கு எல்லாம் கறுப்பாக இருந்தது, நிறத்தைக் கற்றுத்தந்தது மராக்கேஷ்தான் என்று அவர் பின்னாளில் சொல்வதுண்டு. காவிச் சுவருக்கு முன் ஊதா அங்கி, அதன்மேல் பச்சைப் போர்வை என்று சந்தையில் நடந்துபோகும் மனிதர்களிடமிருந்து எடுத்த சேர்க்கைகளை, பொருந்தாத நிறங்கள் என்று பாரிஸ் ஒதுக்கி வைத்திருந்தது. எழுபதுகளின் தொகுப்புகளில் அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஓரானில் வளர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருந்தும் கண்ணில் படாத வாழ்க்கையை, முப்பது வயதில், பக்கத்து நாட்டில் நின்று அவர் பார்க்கத் தொடங்கினார். தாமதம்தான். ஆனால் பார்த்தபின் அவருடைய வண்ணத்தட்டு பழையபடி இருக்கவில்லை.

அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. டிசம்பர் முதல் தேதி ஒருமுறை, ஜூன் முதல் தேதி ஒருமுறை மராக்கேஷுக்குப் போவார். இரண்டு வாரம் தாளும் பென்சிலுமாகக் கதவை அடைத்துக்கொண்டு அடுத்த தொகுப்பு முழுவதையும் வரைவார். நூற்றுக்கணக்கான வரைபடங்களோடு பாரிஸ் திரும்பியதும் அவற்றை மேசையில் பரப்புவார்கள். தையற்கூடத் தலைவிகள் வந்து, தங்கள் கைக்கு எது வரும் என்று பார்த்து, ஆளுக்குச் சிலவற்றை எடுத்துக்கொண்டு போய்க் காடாத்துணியை வெட்டத் தொடங்குவார்கள்.